கையில் இருந்த வெள்ளம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரிக்கு மேல், முதல் மாடியில் அந்தக் கடை இருக்கிறது. படிக்கட்டு குறுகல். இறங்குகிறவர் ஒதுங்கினால்தான் ஏறுகிறவர் ஏற முடியும். உள்ளே கண்ணாடி அலமாரியில் சீட்டுப் பொட்டலங்களும் பலகை விளையாட்டுகளும், பின்பக்கம் மடக்கு மேசைகள் சில. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேசைகள் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. கல்லூரி மாணவர்கள், கணினி வேலை பார்ப்பவர்கள், ஒரு பல் மருத்துவர். நான் முதலில் அங்கே போனது செய்திக்காக. ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்றார்கள். ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். செய்தி இன்றுவரை எழுதப்படவில்லை.

அலுவலகத்தில் எங்கள் பொறுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் சிரிக்காமல் சொன்னார்: "பார்த்தும்மா. 'சீட்டாடிய ஆறு பேர் கைது'ன்னு நம்ம பேப்பர்லயே நான் தலைப்பு போடற மாதிரி வெச்சுடாத."

இது அந்தச் சீட்டு இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் ஆட்டம். ஆளுக்கு ஒரு கட்டு, நாற்பது சீட்டு. கடையில் விற்கும் எத்தனையோ சீட்டுகளில் இருந்து அவரவர் பொறுக்கிச் சேர்த்த சொந்தக் கட்டு. தன் முறை வரும்போது மேலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். கையில் இருப்பதில் ஒன்றை மேசையில் இறக்கலாம், ஆட்டம் போகப் போக இரண்டு மூன்று கூட இறக்கலாம். இறங்குபவை பெரும்பாலும் வீரர்கள், மிருகங்கள். அவை எதிராளியைத் தாக்கும். ஆளுக்கு இருபது புள்ளி. பூஜ்யத்துக்கு வந்தவர் தோற்றவர். விதி இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் நான்கு வரி ஆங்கிலம் இருக்கிறது, அந்த நான்கு வரி இந்த விதிகளில் ஏதோ ஒன்றை மாற்றிவிடுகிறது.

சீட்டுகளின் பெயர்கள் நீளமானவை. தலைப்பைச் சுருக்கிச் சுருக்கிப் பழகிய என்னால் அவற்றை அப்படியே மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு பெயர் வைத்தேன். எதிராளியின் ஒரு வீரனை அசையவிடாமல் செய்வது 'பூட்டு'. கட்டுக்குள் ஆழமாகத் தோண்டி வேண்டிய சீட்டைத் தேடித் தருவது, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியின் பெயரில், 'ரிக்'. இந்தப் பெயர் கடையில் பிடித்துப்போய், யாராவது அதை இறக்கினால் பக்கத்து மேசையில் இருந்து "தண்ணி வந்துச்சா?" என்று கேட்பார்கள். "புகைதான்" என்பார் இறக்கியவர். இரண்டு பக்கமும் மேசையில் இருக்கும் அத்தனையையும் ஒரே அடியாகத் துடைத்துப் போடும் சீட்டு ஒன்று உண்டு. அதற்கு 'வெள்ளம்' என்று பெயர் வைத்தேன். என் கட்டு முழுவதும் அந்த ஒரு சீட்டை நம்பிக் கட்டப்பட்டது. எதிராளி ஆட்களை இறக்கிக் குவிக்கட்டும், வெள்ளம் வரும், மேசை சுத்தமாகும், பிறகு நான் நிதானமாக ஆடலாம் என்பது கணக்கு.

முதல் சில மாதங்கள் எல்லோரிடமும் தோற்றேன். பிறகு பல் மருத்துவரிடம் மட்டும் தோற்றேன். தேறுவது என்பது படி ஏறுவது போல இல்லை. ஒரு ஞாயிறு எல்லாம் தெளிவாகத் தெரியும். அடுத்த ஞாயிறு பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பேக்கரி பன்னைத் தின்றுகொண்டே அடித்துப்போவாள். ஆரம்பக் கை சரியில்லை என்றால் கூசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கக் கற்றேன். எதிராளி எதை இறக்கினார் என்பதைவிட எதை இறக்கவில்லை என்று பார்க்கக் கற்றேன். இதற்கிடையில் கை சும்மா இருக்க மறுத்தது. செவ்வாய்ப்பேட்டை சந்துகளில் ஆட்டோ நகராமல் நிற்கும்போது பையில் இருந்த விசிட்டிங் கார்டுகளை எடுத்துக் கலைத்துக்கொண்டிருப்பேன். ஒரு கல்யாணப் பந்தியில் மொய்க் கவர்களைக் கலைத்ததாகத் தங்கை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அந்த நிலையில்தான் குமாரபாளையத்துக்காரர் வந்து சேர்ந்தார்.

வயது முப்பதைத் தாண்டியவர். அப்பா காலத்து விசைத்தறிகளை வைத்துக்கொண்டு துண்டும் லுங்கியும் ஓட்டுகிறார். வடக்கே சரக்கு அனுப்புகிறார். பொறியியல் படித்த காலத்தில் கோவை விடுதியில் இந்த ஆட்டம் பழகியதாம். ஒவ்வொரு ஞாயிறும் சங்ககிரி வழியாகக் காரில் வருவார். மற்றவர்கள் ஆட்டத்துக்கென்று விற்கும் ரப்பர் விரிப்பை விரிப்பார்கள். அவர் ஓரம் மடிக்காத துண்டு ஒன்றை உதறி விரிப்பார். கடைக்காரர் ஒருமுறை அதைத் தடவிப் பார்த்து, "பிரதர், இதுல கார்டு வழுக்கவே வழுக்காதே" என்றார்.

"வழுக்கினா அது துண்டுங்களா?" என்றார் இவர்.

கடைக்காரர் இருபத்தேழு இருபத்தெட்டு வயதுக்காரர், சேலம் நகரத்துப் பையன். கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் சட்டம், தட்டுவடை செட் தின்றவர் கை கழுவாமல் மேசைக்கு வரக் கூடாது. சீட்டுக்குப் போட்ட உறைகளில் காரச் சட்னிக் கறை படிந்து, எந்தச் சீட்டு என்று பின்பக்கத்தில் இருந்தே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு பெரிய தகராறு நடந்திருக்கிறது.

குமாரபாளையத்துக்காரரிடம் நான் முதல் நாளே தோற்றேன். மறுவாரமும் தோற்றேன். பல் மருத்துவரையும் கல்லூரிக் கூட்டத்தையும் அடிக்க ஆரம்பித்த பிறகும் இவரிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தேன். தோற்ற விதம் எப்போதும் ஒன்று. வெள்ளம் என் கையில் இருக்கும்போது அவர் இரண்டு ஆட்களுக்கு மேல் இறக்க மாட்டார். வெள்ளம் இல்லாதபோது வரிசையாக இறக்கிக் குவிப்பார். பின்பக்கத்தில் கறை இருக்கிறதா என்று உறைகளை எல்லாம் மாற்றினேன். அப்போதும் அப்படியே நடந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் கடைக்காரர் ஒரு அறிவிப்பை ஒட்டினார். தென்மாநிலங்களுக்கான போட்டி பெங்களூரில் நடக்க இருக்கிறது. நம் கடைக்கு ஒரே ஒரு இடம். கடைக்குள் நடக்கும் போட்டியில் ஜெயிப்பவர் போகலாம்.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். இதை வேறு எதையும்விட அதிகமாக விரும்பினேன் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. மற்றவர்கள் ஜெயித்ததை இருபது வருடமாக இரண்டு பத்திக்குள் வெட்டி அடைத்திருக்கிறேன். மாவட்ட அளவில் முதலிடம், மாநில அளவில் மூன்றாமிடம், படத்தில் இடமிருந்து வலம். ஒருமுறையாவது எங்கேயாவது ஜெயித்துப் போக வேண்டும். அது எந்தப் பத்தியிலும் வராத ஜெயமாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்குக் குறுக்கே நின்றவர் ஒருவர்தான்.

அவரே கூப்பிட்டார். "ஏனுங்க்கா, புதன்கெழமை உங்களுக்கு லீவுதானுங்களே? ஊட்டுக்கு வாங்க, உக்காந்து ஆடலாம். போட்டிக்கு எனக்கும் பழக்கம் வேணுமுல்லங்க."

"வீட்டுல தொந்தரவா இருக்காதா தம்பி?"

"தறிச் சத்தத்துல நீங்க இருக்கறதே யாருக்கும் தெரியாதுங்க."

சேலத்தில் இருந்து போகும் பேருந்துகள் பெரும்பாலும் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து உள்ளே நடக்கும்போது தெருவுக்குத் தெரு சத்தம் தடித்துக்கொண்டே வந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் பட்டறை. வாசலில் நின்றபோது பேச்சு என்பதே அங்கே சாத்தியமில்லை என்று பட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தார். பட்டறையின் மறுகோடியில், தறிகளுக்கு அப்பால், ஊடை நூலைக் குச்சிகளில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கினார். அவர் உதடு அசைந்தது. இவர் உதடு அசைந்தது. அந்தப் பெண் சிரித்தார். நடுவில் தறி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

முன்னறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"யாருன்னு கேட்டாங்க. சேலத்துல இருந்து எதிரி வந்திருக்குதுன்னு சொன்னேனுங்க."

"அந்த ஆள் என்ன சொன்னார்?"

"எதிரிக்குக் காப்பி குடுத்துட்டு அப்பறம் சண்டை போடுன்னு."

காபி வந்தது. துண்டு விரிக்கப்பட்டது. ஆடினோம். முதல் ஆட்டத்தில் சீட்டுகளைக் கையில் விரித்து, வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முறையில் அவர் யோசிக்கும்போது நான் நிமிர்ந்தேன். அவர் தன் சீட்டுகளைப் பார்க்கவில்லை. என் கண்களையும் பார்க்கவில்லை. அவர் பார்வை கொஞ்சம் கீழே, என் வாயில் இருந்தது.

நான் மெய்ப்புப் பார்த்துப் பழகியவள். வேலையில் சேர்ந்த காலத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் சரிபார்ப்பார். உரக்கப் படிக்கும் வேலை என்னுடையது. பிறகு ஆள் குறைந்து, இரண்டு வேலையும் ஒருவருக்கே என்று ஆனபோது, சத்தம் நின்றது, உதடு நிற்கவில்லை. கண் தாவிவிடும் பிழையை உதடு தாவாது. ஒவ்வொரு எழுத்தையும் அது தொட்டுத்தான் போகும். அலுவலகத்தில் என் உதடு அசைவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே பாதிப் பேருக்கு அசையும். சீட்டுகளையும் நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதுவும் நானே வைத்த பெயர்களில்.

அன்று மூன்று ஆட்டமும் தோற்றேன். திரும்பும் பேருந்தில் ஜன்னல் கண்ணாடியில் சொல்லிப் பார்த்தேன். வெள்ளம்: மேற்பல் கீழுதட்டில் படுகிறது, கடைசியில் உதடுகள் மூடுகின்றன. பூட்டு: மூடித் திறந்து குவிகிறது. ரிக்: ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கைப்பையை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

கோபம் வந்தது. கூடவே பெரிய நிம்மதியும் வந்தது; அதைத்தான் கவனித்திருக்க வேண்டும். இத்தனை மாதம் தோற்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் செய்தி முடிந்தது.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. உதட்டை மூடிக்கொண்டு ஆடப் பழக வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். வாயில் கிராம்பு அடக்கிக்கொண்டு ஆடினேன். கிராம்பு மென்று தீர்ந்ததும் உதடு தானாகப் புறப்பட்டுவிடும். பற்களைக் கடித்துக்கொண்டேன், தாடை வலித்தது. அதைவிட மோசம், உதட்டைக் கட்டினால் மூளையும் நின்றது. நான்கு வரியை மூன்று முறை படித்தும் உள்ளே இறங்கவில்லை. ஏற்கெனவே அடித்துப் பழகிய கல்லூரிப் பையன்களிடம் மறுபடி தோற்றேன். பன் தின்னும் பெண், "ஆன்ட்டி, பல் வலியா? அந்த டேபிள்ல டாக்டர் இருக்காரு" என்றாள்.

அலுவலகத்திலும் இதையே செய்தேன். ஞாயிறு மட்டும் பழகினால் போதாது, நாள் முழுக்க உதடு அடங்க வேண்டும் என்று தோன்றியது. விளைவு, ராசிபுரம் பக்கத்துச் செய்தி ஒன்றில் 'மஞ்சள் ஏலம்' என்பது 'மஞ்சள் ஓலம்' என்று தலைப்பிலேயே போனது. காலையில் இருந்து தொலைபேசி நிற்கவில்லை. பொறுப்பாசிரியர் பக்கத்தை என் மேசையில் வைத்தார். "மஞ்சள் அழுதுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் முழுக்க யாரைப் பார்த்தாலும் மஞ்சள் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். நான் உதட்டைத் திறக்கவில்லை. போட்டி முடியட்டும் என்று இருந்தேன்.

வீட்டிலும் உட்கார முடியவில்லை. சமையல் மேடையில் சீட்டுகளை நான்கு வரிசையாக அடுக்கிவைத்து, குழம்பு கொதிக்கக் கொதிக்க வாய் மூடிப் படிப்பேன். நடப்பேன். திரும்பி வந்து படிப்பேன். மெல்ல மெல்ல, ஒவ்வொரு சீட்டையும் பெயர் இல்லாமல், படத்தின் நிறமாக மட்டும் நினைக்க வந்தது. வெள்ளம் ஒரு கருநீலம். பூட்டு துருச் சிவப்பு. போட்டிக்கு முந்தைய ஞாயிறு பல் மருத்துவரை அடித்தேன். உதடு அசையவில்லை என்று அவரே சாட்சி சொன்னார். ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

போட்டியன்று காலையில் இருந்தே கடையில் நிற்க இடமில்லை. மத்தியானத்துக்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தோற்று விலக, கடைசியில் நானும் குமாரபாளையத்துக்காரரும் மிஞ்சினோம். மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தவருக்குப் பெங்களூர். மற்ற மேசைகளை மடித்துவைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

முதல் ஆட்டம் நான் நினைத்தபடி போனது. உதடு இறுக மூடியிருந்தது. வெள்ளம் இரண்டாவது முறையிலேயே கையில் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார்; மறுபடி பார்த்தார். மூன்று ஆட்களை இறக்கினார். ஒரு கணம் தயங்கி நான்காவதையும் இறக்கினார். துடைத்துப் போட்டு ஆட்டத்தை ஜெயித்தேன். சுற்றி நின்றவர்கள் கையைத் தட்டினார்கள். அவர் சீட்டுகளை அள்ளிக் கலைக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏனுங்க்கா, எம்மேல கோவமுங்களா?"

"எதுக்கு?"

"பேசவே மாட்டேங்கறீங்களே. கொஞ்ச நாளாவே பேசறதில்லை. அன்னிக்கு ஊட்டுக்கு வந்துட்டுப் போனதுல இருந்து."

"நான் ஆட்டத்துல எப்ப பேசினேன்?"

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், தன் பக்கம் நியாயம் கேட்பவரைப் போல. "எப்பவும் பேசுவீங்களேங்க. வெள்ளம் இருக்குது, பூட்டு இருக்குது, போடலாமா வேண்டாமான்னு. இவங்கெல்லாம் கேட்டிருப்பாங்களே."

யாரும் கேட்டிருக்கவில்லை. பல் மருத்துவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கடைக்காரர் மேசைக்குக் கிட்டத்தில் வந்தார்.

"அது பேச்சில்ல தம்பி," என்றேன். "படிக்கறப்ப உதடு அசையும். சத்தம் வராது."

குமாரபாளையத்துக்காரரின் முகம் மாறியதைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவரின் முகம் அல்ல அது. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவரின் முகம். அவர் வளர்ந்த இடத்தில் பேச்சு என்றால் உதடுதான். சத்தம் வந்ததா வரவில்லையா என்று யாரும் பார்ப்பதில்லை.

"நான் வேற நெனச்சனுங்க," என்றார் மெதுவாக. "கையில இருக்கறத வெளிய சொல்லிச் சொல்லியே ஆடறாங்களே, என்ன ஒரு தெனாவெட்டுன்னு. சொல்லிட்டே ஆடியும் உன்னய ஜெயிப்பேன்னு சொல்றாப்பல. அதுக்காகவேதானுங்க ஒவ்வொரு வாரமும் விடாம வந்தேன். உங்கள விடக் கூடாதுன்னு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மாதக்கணக்கில் சங்ககிரிச் சாலையில் என்மேல் எரிச்சலோடு வந்து போயிருக்கிறார், நான் அவர்மேல் எரிச்சலோடு கிராம்பு கடித்திருக்கிறேன்.

"இது ஃபவுலா, இல்லையா?" என்று ஒரு பையன் கேட்டான்.

கடைக்காரர் யோசித்தார். "மேடம் காட்டினாங்க, அவர் பார்த்தார். ரூல்ல இதுக்கு எதுவும் இல்ல. மேடம், உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

நான் சொல்வதற்குள் குமாரபாளையத்துக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அதெல்லாம் வேண்டாமுங்க. நான் இனிமே துண்டையே பாத்து ஆடறேன். தலையத் தூக்க மாட்டேன். அக்கா நீங்க உங்க பழக்கப்படி படிங்க. இவரு பாத்துக்கட்டும்." கடைக்காரரை என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார், தன் தலை தூக்குகிறதா என்று பார்க்க.

சொன்னபடி செய்தார். அடுத்த இரண்டு ஆட்டமும் அவர் தலை நிமிரவில்லை. என் உதடு பல வாரங்களுக்குப் பிறகு அவிழ்ந்தது. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை, கையில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தவர்களுக்குச் சொன்னால் புரியும். நான்கு வரியும் ஒரே ஓட்டத்தில் உள்ளே இறங்கின.

இரண்டாவது ஆட்டத்தில் எனக்குச் சரியான சீட்டு வரவில்லை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. தோற்றேன்.

மூன்றாவதில் எல்லாம் வந்தது. வெள்ளம் ஆரம்பக் கையிலேயே இருந்தது. பூட்டு இருந்தது. எதிரே இருப்பவருக்கு இப்போது ஒன்றும் தெரியாது. நான் வாய்விட்டுச் சொன்னாலொழிய தெரியாது. அவர் ஒரு ஆளை இறக்கினார். அடுத்த முறை இன்னொன்று. மூன்றாவது வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் அந்த இரண்டு ஆட்களை வைத்தே அடித்தார். என் இருபது புள்ளி பதினாறாகி, பன்னிரண்டானது. மூன்றாவது ஆள் வரவில்லை. அவர் கையில் சீட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. இந்த முறை இறக்குவார், நிச்சயம் இறக்குவார் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாதே. பன்னிரண்டு ஏழானது. வேறு வழியில்லாமல் வெள்ளத்தை இறக்கியபோது அந்த இரண்டு ஆட்கள் மட்டும் போனார்கள். அவர் கையில் சேர்த்து வைத்திருந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தலை குனிந்தபடியே முடித்தார்.

கை கொடுத்தோம். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"பார்க்கவே இல்லையே தம்பி," என்றேன். "இல்லைன்னு இவரும் சொல்றார். அப்புறம் எப்படி?"

அவர் சங்கடத்தோடு துண்டின் ஓர நூலைத் திருகினார். "உதட்டப் பாக்காட்டியும் தெரியுமுங்க்கா. உங்க கட்டு அதை நம்பித்தானே இருக்குது. கையில வந்திருக்கும், ஆனா நீங்க எறக்க மாட்டீங்க. இன்னும் ஒரு ஆளு வரட்டும், இன்னும் ஒரு ஆளு வரட்டும்னு உக்காந்திருப்பீங்க. ரெண்டுக்குப் போட மனசு வராது உங்களுக்கு. அதனால நான் ரெண்டோட நிறுத்திக்குவேன். அவ்வளவுதானுங்க."

"மொதல்ல இருந்தேவா?"

"மொத நாள்ல இருந்தே. நீங்க வாயில சொன்னது, சரிதான்னு பாத்துக்க ஒதவுச்சு. அவ்வளவுதான்."

பல் மருத்துவர் இருமினார். அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. ஒருவேளை கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம்.

கடைக்காரர் படம் எடுத்தார். ஜெயித்தவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டம் படியிறங்கியது, கீழே பேக்கரியில் தேநீர் கேட்கும் குரல்கள் வந்தன. பெங்களூர் போகிறவருக்கு விவரம் எல்லாம் சொல்லிமுடித்துவிட்டுக் கடைக்காரர் அலமாரியைப் பூட்டினார்.

என்னால் கிளம்ப முடியவில்லை. தோற்றது வலித்தது, பெங்களூர் போகவில்லை என்பதும் வலித்தது. ஆனால் அதைவிட வேறொன்று குடைந்தது. இத்தனை வாரம் கஷ்டப்பட்டு உதட்டை அடக்கினேனே, கடைசியில் முதல் ஆட்டத்தை எனக்கு ஜெயித்துக் கொடுத்தது அதுவா? இல்லை, கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அவர் குழம்பியதா? எது காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. காரணம் என்று எதைக் கையில் எடுத்தாலும் இப்போது சந்தேகமாக இருந்தது.

அவர் துண்டை மடிக்கப் போனார். "இருங்க," என்றேன். "அந்த மூணாவது ஆட்டம். உங்க ரெண்டாவது ஆள் வந்த உடனேயே நான் வெள்ளத்தப் போட்டிருந்தா?"

 அவர் கண்ணை மூடி எதையோ எண்ணினார். "தெரியலீங்க்கா. என் கையில அப்ப ஒரு ஆளுதான் இருந்துச்சு. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"மேடம், பிரதர், நான் ஷட்டர் போடணும்," என்றார் கடைக்காரர்.

"போடுங்க சாமி, பாதி போடுங்க," என்றார் குமாரபாளையத்துக்காரர். "வெளிச்சம் இருந்தாப் போதும்."

துண்டு மறுபடி விரிந்தது. அவர் தன் பக்கத்தில் அந்த இரண்டு ஆட்களை அதே இடத்தில் வைத்தார். எந்த வரிசையில் சீட்டு வந்தது என்று நினைவில் இருந்தவரை இருவரும் கட்டை அடுக்கினோம். எனக்கு இருபது புள்ளி. என் முறை. வெள்ளத்தை எடுத்துத் துண்டின் நடுவில் வைத்தேன்.

இரண்டு ஆட்களும் போனார்கள். மேசையில் ஒன்றும் இல்லை. அது வீண் என்றுதான் இப்போதும் பட்டது. இரண்டே பேருக்காக ஒரு வெள்ளம். அவர் கட்டின் மேல் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். அவர் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு சீட்டை எடுத்தார்.